மாரோன் உரித்த காலை

சூடு ஆறுறதுக்குள்ள உரிச்சிடு லெயோ, ஆறிப்போச்சுன்னா அது உன்னை... என்ன செய்யும் என்னை? பெரியப்பா சொன்னதில் முன்பாதிதான் நினைவில் இருக்கிறது. மதிக்காது என்றாரா, விடாது என்றாரா, இல்லை ஏதாவது கெட்ட வார்த்தையில் முடித்தாரா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் சமையல் செய்த மனிதர், கெட்ட வார்த்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போகட்டும். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கரண்டியால் ஒன்றே ஒன்றை எடுக்கிறேன், மிச்சமெல்லாம் வெந்நீருக்குள்ளேயே கிடக்க வேண்டும், துணியில் வைத்து அழுத்துகிறேன், மேல்தோடு விரிசல் விட்டுக் கழன்று வருகிறது, மேல்தோடு எப்போதும் வந்துவிடும், அது நல்ல பிள்ளை, தொல்லை முழுவதும் அதற்கு உள்ளே இருக்கிற பழுப்புத் தோலில்தான். வெங்காயச் சருகைவிட மெல்லியது, பருப்பின் மடிப்புக்குள் மடிப்பாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடாக இருந்தால் ஒரே இழுப்பில் வரும், ஆறினால் நகத்துக்கும் வராது கத்திக்கும் வராது, அப்படியே விட்டால் கசக்கும். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. இது பதினோராவது மாரோன். பிரான்சுக் காட்டு மரத்தில் காய்க்கிற கொட்டை, எங்கள் வீட்டில் இதற்கு மாரோன் என்றுதான் பேர். அகராதியில் கஷ்கொட்டை என்று போட்டிருக்கிறது, அந்தச் சொல்லை எந்த மனிதர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. இன்னும் அறுபது இருக்கும். மணி எட்டு. ஒன்பதரைக்குள் இதை வயிற்றில் அடைத்த வான்கோழி ரொட்டிக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். புதுச்சேரியில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் அன்று யாரும் வீட்டில் கோழி சுடுவதில்லை. காலை ரொட்டியை இறக்கின பிறகு கன்னியப்பன் கடை அடுப்பில் விறகுச் சூடு மிச்சமிருக்கும், அதில் வீட்டுக்கு ஒரு தட்டு, வாத்தோ கோழியோ வான்கோழியோ, காலில் நூலால் பேர்ச்சீட்டுக் கட்டி உள்ளே தள்ளிவிடுவார். ஒன்பதரைக்கு இரும்புக் கதவை மூடினால் பன்னிரண்டரை வரை மந்திரி வந்தாலும் திறக்க மாட்டார். நான் மந்திரி இல்லை. பெற்ற அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்வதற்கு மூன்று வாரமாக நாள் பார்த்துக்கொண்டிருக்கிற நாற்பத்தெட்டு வயசு ஆள்.

வாக்கியம் தயாராக இருக்கிறது. அப்பா, ஜனவரி மூணாந்தேதியிலிருந்து நீங்க சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல இருக்கப் போறீங்க. அவ்வளவுதான். சொல்லிப் பார்த்துவிட்டேன், தமிழில், பிரெஞ்சில், குளிக்கும்போது, ஸ்கூட்டரில் போகும்போது. பிரெஞ்சில் சொன்னால் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது, தமிழில் சொன்னால் என் குரல் உடைகிறது, இரண்டு பாஷையில் படிக்கவைத்ததற்கு இதுதான் பலன், எதைச் சொல்வதற்கும் தப்பிக்க இன்னொரு வழி இருந்துகொண்டே இருக்கிறது. அந்த முதியோர் இல்லத்தில் தோட்டத்தைப் பார்த்த ஓர் அறை காலியாகியிருக்கிறதாம், நாளைக் காலைக்குள் பதில் சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இல்லத்தை நடத்துகிற மதர் தொலைபேசியில் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். பெலிசி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் சாப்பாட்டுல வச்சு நீயே சொல்லிடுடா. நான் வாயத் திறந்தா அழுதுடுவேன், அவர் ஜெயிச்சுடுவார்." ஏன் நான்? "நீதானே பிப்ரவரில போறே?" ஆமாம், நான்தான் போகிறேன். பிரான்சில் துலூஸ் நகராட்சி நூலகத்தில் எனக்குக் கொடுத்த நீண்ட விடுப்பு பிப்ரவரி கடைசியோடு முடிகிறது, வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். இரண்டு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாயிற்று. அக்டோபரில் அவர் குளியலறையில் விழுந்தபோது நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வந்த மூன்று வேலைக்காரிகளையும் அப்பா துரத்திவிட்டார், ஒருத்தி காபியில் தண்ணீர் கலந்தாள் என்று, ஒருத்தி பாடினாள் என்று, மூன்றாமவள் என்ன செய்தாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது மாரோன். பாதித் தோல் உள்ளேயே நின்றுவிட்டது. நினைத்துக்கொண்டே உரித்தால் இப்படித்தான் ஆகும்.

இதெல்லாம் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கவே வேண்டியதில்லை. துலூஸிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு கிலோ மாரோன் வைத்துக் கொண்டுவந்தார், பளபளவென்று, குதிரைத்தோல் நிறத்தில், கையில் எடுத்தால் கனமாக. நான் அதை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மூன்று நாள், அக்கா வந்து இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் கீழ்த்தட்டில் சுரைக்காய். மாரோன் எங்கே அப்பா? "மாடியில காயுது." காயுதா? "ஈரமா இருந்துச்சு, ரெண்டு மூணுல பூசணம் வேற. எடுத்துட்டுப் போய் வெயில்ல போட்டேன்." யார் எடுத்துட்டுப் போனது? "நான்தான். பின்னே உங்க அக்காவா போவா, அவளுக்கு மூட்டுவலி." எண்பத்திரண்டு வயசு, வலது முழங்கால் மடங்காது, பதினெட்டுப் படி, மூன்று நாள் காலையில் முறத்தோடு ஏற்றம், சாயங்காலம் முறத்தோடு இறக்கம், நடுவில் காக்காய் ஓட்ட மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தானும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது போட்ட தொப்பியோடு. அக்கா தூங்குகிற நேரமாகப் பார்த்து. உளுந்தைக் காயவைப்பார்கள், மிளகாயைக் காயவைப்பார்கள், புளியைக் காயவைப்பார்கள், ஈரமாக ஒரு பண்டம் கண்ணில் பட்டால் இந்த ஊரில் பட்டாளத்தானுக்குக்கூடக் கை சும்மா இருக்காது, அது மாரோன், ஈரம் போனால் அது கூழாங்கல், அதைக் காயவிடக்கூடாது என்பதற்காகத்தான் ஐயா துணியைச் சுற்றி வைத்தேன்! கத்தினேன். இருபது வருஷம் பிரான்சில் இருந்தீங்களே, ஒரு தடவையாவது யாராவது மாடியில மாரோன் காயவச்சுப் பாத்தீங்களா? அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்க வெயில் எங்கடா இருக்கு?"

அதனால்தான் நேற்று மத்தியானத்திலிருந்து ஊறப்போட்டு, ராத்திரி தண்ணீர் மாற்றி, காலை ஆறு மணியிலிருந்து வேகவைத்து, இதோ, ஒவ்வொன்றும் கல்லுக்கும் கிழங்குக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்திருக்கிறது. சுருங்கினதில் உள்தோல் மடிப்புகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. பதினைந்து. பதினாறு. சின்ன வயசில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் வரும், அக்டோபர் மாசம், மழை, ஒரு பையன் காட்டில் மாரோன் பொறுக்கிக்கொண்டு வருகிறான், அவன் அம்மா அடுப்பில் சுடுகிறாள். படம் வரையச் சொன்னார்கள். நாங்கள் யாரும் மாரோனைப் பார்த்ததில்லை. நான் பலாக்கொட்டை வரைந்தேன், பக்கத்தில் பனைமரம். டீச்சர் பத்துக்கு ஏழு போட்டார், பனைமரத்துக்கு மட்டும் கோடு கிழித்து. பிறகு துலூஸில் முதல் இலையுதிர்காலத்தில் தெருமுனையில் ஒருவன் தகரப் பீப்பாயில் சுட்டு விற்றுக்கொண்டிருந்தான், வாங்கி வாயில் போட்டால் பலாக்கொட்டை! அதே மாவு, அதே இனிப்பு. பத்து வயசில் வரைந்தது சரிதான் என்று சொல்ல அந்த ஊரில் எனக்கு ஒருத்தரும் இல்லை. பிறகு மனைவி இருந்தாள், சொன்னேன், சிரித்தாள், பிறகு அவளும் இல்லை, விவாகரத்துகூடச் சத்தமில்லாமல் நடந்தது. "லெயோ!" கூடத்திலிருந்து அப்பா. "லெயோ, ரேடியோவுல பூசை ஓடலடா." கரண்டியில் இருந்ததைத் திரும்பத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போனேன். ரேடியோ அணைந்திருக்கிறது, பொத்தானை அழுத்தினால் ஓடும், அழுத்தினேன், ஓடியது. வந்தேன். பதினெட்டு. "லெயோ! அந்தக் கோழிக்குக் கழுத்துப் பக்கம் தச்சியா?" இன்னும் அடைக்கவே இல்லையே அப்பா. "அடைச்சப்புறம் தைக்கணும்." தெரியும். பத்தொன்பது. கைபேசி. பெலிசி அக்கா. கை முழுக்க ஈரம், மூக்கால் தொட்டு எடுத்தேன். "சொல்லிட்டியா?" மத்தியானம்தானே சொல்லணும்னே? "அதுக்கில்லடா, முன்னாடியே லேசா ஜாடையா..." ஜாடையா எப்படிக்கா சொல்றது இதை? "பேச்சுவாக்குல தோட்டம் கீட்டம்னு." அக்கா, மாரோன் ஆறுது. "என்ன ஆறுது?" வைத்துவிட்டேன். பாத்திரம் உண்மையாகவே ஆறிவிட்டது, திரும்ப அடுப்பை ஏற்றி, திரும்பக் கொதி வர ஆறு நிமிஷம், எட்டு இருபது. "லெயோ!"

அப்போதுதான் அது நடந்தது, நடந்தது என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, நான் கூடத்துக்குப் போகக்கூட இல்லை, சமையலறை வாசலில் நின்று, கையில் கத்தியோடு, இந்த வீட்டில் நான் இதுவரை பயன்படுத்தியிராத ஒரு குரலில் கத்தினேன். "இதை உரிச்சு முடிக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க! கூரையே இடிஞ்சு விழுந்தாலும் கூப்பிடாதீங்க! புரியுதா?" ரேடியோவில் யாரோ வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு நாய்தான் குரைத்தது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன், காது இரண்டும் சுட்டது. வெட்கம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு, இதைத்தான் எப்படிச் சொல்வது, பிறகு அமைதி வந்தது. ரேடியோ மட்டும். ஒன்று எடுத்து, அழுத்தி, தோடு நீக்கி, நுனியில் கத்தியை நுழைத்து ஓர் இழுப்பு, முழுசாக வந்தது. இன்னொன்று. முழுசாக. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. மூளை மாதிரி மடிப்புமடிப்பாக, வெளிர் மஞ்சளாக ஒவ்வொன்றும் கிண்ணத்தில் விழுகிற சத்தம். பிரான்சிலிருந்து வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடாத பத்து நிமிஷம் எனக்குக் கிடைத்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது. கழிப்பறையில்கூட. அங்கேதான் அதிகம். நான் ஏன் வந்தேன்? அப்பாவுக்காக என்று நூலகத்தில் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள், அந்த ஊரில் இதைச் சொன்னால் ஒரு மரியாதை. அம்மா செத்தபோது நான்கு நாள்தான் வந்திருந்தேன், அதற்குப் பதிலாக வந்தேனா? இல்லை அந்த இரண்டறை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வெளிச்சம் விழுமே, அதில் தனியாக உட்கார்ந்திருக்கப் பயந்து வந்தேனா? அப்பாவைச் சாக்காக வைத்தவன், இப்போது அப்பாவையே பாரம் என்கிறான். நாற்பது. நாற்பத்தொன்று. ஒன்று புழு, தூர எறிந்தேன். கேட்கிறவர்களுக்கு வேலை, விடுப்பு, தேதி என்று சொல்லலாம், தேதி நல்ல திரை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அறுபத்திரண்டு. மூன்று. கடைசி ஒன்று பாத்திரத்தின் அடியில் சுழன்றுகொண்டே இருந்தது, பிடித்தேன், உரித்தேன். தீர்ந்தது.

வாணலியில் வெண்ணெய், வெண்ணெய் நுரைத்து அடங்கின பிறகு பொடியாக நறுக்கின வெங்காயம், செலரித்தண்டு, வான்கோழியின் ஈரலை நறுக்கிப் போட்டுப் பிரட்டி நிறம் மாறினதும் இறக்கினேன். பாலில் ஊறின நேற்றைய ரொட்டியைப் பிழிந்து, கொத்தின பன்றிக்கறி, ஒரு முட்டை, மிளகு, துருவின ஜாதிக்காய், பெரியப்பா கணக்கில் ஒரு மூடி பிராந்தி, அவர் மூடி என்பது டம்ளர், நான் நிஜமாகவே மூடி. மாரோனில் பாதியை மசித்து, பாதியைக் கையால் உடைத்துத் துண்டாகப் போட்டேன், காய்ந்துபோனதால் உடையும்போது மொறுக்கென்றது, அதைப் பார்த்து மறுபடி எரிச்சல், ஆனால் எரிச்சலுக்கு முன்போல் வலு இல்லை. கையை விட்டுப் பிசைந்தேன். சில்லென்று ஒரு பக்கம், வெண்ணெய்ச் சூடு ஒரு பக்கம். ஒரு துண்டு எடுத்து நெருப்பில் வாட்டி ருசி பார்த்தேன். நின்றுவிட்டேன். பெரியப்பாவுடையதைவிட நன்றாக இருந்தது. மாரோன் அத்தனை இனிப்பு, புதுசாக வருவதில் இருக்காத, வெல்லத்துக்குப் பக்கத்தில் வருகிற ஓர் இனிப்பு, காய்ந்ததால் சுண்டிச் சேர்ந்தது. இதை அவரிடம் சொல்லவே கூடாது, சொன்னால் அடுத்த வருஷம் முழுக்க இதே பேச்சு. அடுத்த வருஷமா, எந்த அடுத்த வருஷம்? பறவையின் வயிற்றில் அடைத்தேன், கழுத்துப் பக்கமும் அடைத்தேன், கோணி ஊசியில் வெள்ளை நூல் கோத்துத் தைத்தேன், கால் இரண்டையும் கட்டி வெண்ணெய் தடவினேன், சீட்டில் சவரிராயன் வீடு என்று எழுதினேன். அது அப்பா பேர். தைத்தாயிற்று அப்பா, என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னேன். பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும். ரேடியோவில் பூசை முடிந்து மீன்பிடிப் படகுகளுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்தால் அப்பா ரேடியோவை அணைத்துவிடுவார். பாட்டு, வானிலை, எதையும் கேட்க மாட்டார், முப்பது வருஷமாக. மணி ஒன்பது பத்து. கூடத்தில் நாற்காலி. நாற்காலியில் தலையணை. அவர் பிடித்து நடக்கிற வாக்கர் நின்றுகொண்டிருந்தது, தானாக.

படுக்கையறையில் இல்லை. குளியலறைக் கதவைத் தள்ளும்போது என் கையில் இன்னும் வெண்ணெய், பிடி வழுக்கியது, உள்ளே யாரும் இல்லை, தரை காலி. தெருக்கதவு தாழ் போட்டபடி. மாடிப்படி. மாடிப்படி எங்கள் வீட்டில் உள்ளேயே, கூடத்துக்குப் பின்னால், பாதியில் திரும்பும். திரும்புகிற இடத்துக்கு மேலே மூன்றாவது படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நேராக. ஒரு கை கம்பியில், ஒரு கை சட்டைப்பையை மூடிக்கொண்டு. வலது கால் நீட்டினபடி கீழ்ப்படியில் கிடந்தது, அவருடையது இல்லாததுபோல. கால்சட்டை நனைந்திருந்தது, அந்தப் படியும் கீழ்ப்படியும். "முடிச்சிட்டியா?" என்றார். எவ்வளவு நேரமா அப்பா இங்க இருக்கீங்க? "வாசகம் வாசிக்கும்போது ஏறினேன்." அதாவது நான் கத்தினதும். அதாவது முக்கால் மணி நேரம். எதுக்கு ஏறினீங்க? பையைத் திறந்து காட்டினார். ஒன்பதோ பத்தோ மாரோன், கூழாங்கல் போல. "இது சரியா காயலன்னு மாடியில தனியா துணியில வச்சிருந்தேன். மறந்துபோச்சு. நீ எண்ணிப் பாத்து குறையுதுன்னு குதிப்பியேன்னு... இறங்கும்போது முட்டி பிடிச்சுக்கிச்சு." ஏன் கூப்பிடலை? "கூப்பிடாதேன்னே." அப்பா! "கூரை விழுந்தாலும் கூப்பிடாதேன்னே. கூரை விழலையே, நான்தானே விழுந்தேன்." சிரிக்கப் பார்த்தார். கிண்டல் இல்லை அதில், நான் தேடிப் பார்த்தேன், குற்றஞ்சாட்டலும் இல்லை. உத்தரவு கொடுத்தாயிற்று, இருந்தார். பட்டாளத்தில் இருபது வருஷம் உத்தரவுக்கு உட்கார்ந்து பழகினவர், கடைசியில் உத்தரவு போட வீட்டில் ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எவ்வளவு லேசு. படி படியாகப் பின்னால் நடந்து இறக்கினேன், ஒவ்வொரு படிக்கும் "அத்தான்சியோன்" என்று எனக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டே வந்தார், விழப்போவது நான்தான் என்பதுபோல. குளிப்பாட்டும்போது முதுகைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினேன், அவரும் சுவரிடமே பதில் சொன்னார். என்னை விடாமல் பிடித்திருந்தது அந்த ஈரப் படியோ முக்கால் மணி நேரமோ இல்லை. அந்த முக்கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த இரண்டு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே முக்கால் மணி அதுதான், அந்த நேரம் முழுக்க அவர் எட்டடி உயரத்தில் மூத்திரத்தில் உட்கார்ந்து நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். மறுபடி கத்துவேன். எனக்கு என்னைத் தெரியும், நாளைக்கு இல்லாவிட்டால் பொங்கலுக்கு, எதற்காவது கத்துவேன், அவர் மறுபடி கீழ்ப்படிவார். பிப்ரவரியில் நான் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அவர் என் பொறுப்பில் இருக்கக்கூடாது. அக்கா கணக்கில் நான் இருந்தால் அவர் வீட்டில், நான் போனால் அவர் இல்லத்தில். அந்தக் கணக்கில் நான் யார் என்பதை யாரும் சேர்க்கவே இல்லை, நான் உட்பட. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். "வான்கோழி?" என்றார். ஐயோ, வான்கோழி. ஒன்பது முப்பத்தெட்டு.

கன்னியப்பன் கதவை மூடிவிட்டிருந்தார். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் தட்டோடு நான் நிற்பதைப் பார்த்து, "எத்தனை வருஷமா சொல்றேன், ஒம்போதரைன்னா ஒம்போதரை. பிரான்சுல ரயிலு உனக்காக நிக்குமா தம்பி?" என்றார். அப்பா படியில மாட்டிக்கிட்டார் அண்ணே. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார், இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டுச் சிவப்பில் ஒன்பது பறவைகள் வரிசையாகப் படுத்திருந்தன, காலில் பேர்ச்சீட்டோடு. "உள்ள என்ன, மாரோனா?" ஆமாம். "பட்டாளத்தார் காயவச்சாருன்னாங்களே, தெருவே சிரிச்சுது." ஆமாம், அதேதான்.

ஒன்றரைக்கு அக்கா வந்தாள், புதுப்புடவை, கண்ணில் ஏற்கெனவே ஈரம். தட்டைத் திறந்தேன். தோல் பொன்னிறமாகி, தையல் பிரிகிற இடத்தில் உள்ளிருந்ததெல்லாம் பொங்கி வெளியே வந்து ஓரம் முறுகியிருந்தது. அப்பாவுக்கு முறுகின பக்கத்தை வைத்தேன். மென்றார். கண்ணை மூடினார். திறந்தார். "இனிக்குது" என்றார். நான் தட்டைப் பார்த்தேன். "இனிக்குதா இல்லையா, சொல்லு பெலிசி? எதனால? வெயில். மூணு நாள் வெயில். இவன் எங்கிட்ட குதிச்சான்." ஆமாம்ப்பா, வெயில்தான், என்றேன். சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டாவது தடவை வாங்கினார், மூன்றாவது தடவை வெறும் மாரோன் துண்டுகளை மட்டும் விரலால் பொறுக்கினார். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் என் காலை மிதித்தது. இரண்டு முறை மிதித்தது. அப்பா, என்றேன், தமிழில், ஜனவரி மூணாந்தேதியிலிருந்து நீங்க சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல இருக்கப் போறீங்க. குரல் உடையவில்லை. அக்கா அவசரமாக, "லெயோ பிப்ரவரில போறான்ல பா, அவனுக்கு வேலை, அதனாலதான், இல்லன்னா..." என்று ஆரம்பித்தாள். அதனால இல்லக்கா, என்றேன். "பின்னே எதனால?" என்றாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு துண்டு. எதனால் என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு அங்க?" என்றார். ஆறரைக்கு அப்பா. "ஆறரைக்கா? அது ஆஸ்பத்திரி நேரமாச்சே." துண்டை வாயில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து கை கழுவிவிட்டு, மதரிடம் தொலைபேசியில் அப்பா வருகிறார் என்று சொன்னேன், துலூஸ் நூலகத்துக்கு நான் வரவில்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று எழுதினேன்.